ஒட்டு மாங்கன்றும் ஒட்டு பிளாஸ்டிக்கும்

மன்னார்குடிப் பக்கம் நாலு மழை விழுந்துவிட்டால் போதும், மாங்கன்று, கொய்யாக்கன்று விற்கும் வண்டிகள் தெருத்தெருவாக வர ஆரம்பித்துவிடும். கன்று வாங்க வருகிற பாட்டி கேட்கிற முதல் கேள்வி, "ஏம்ப்பா, இது ஒட்டா, நாட்டா?" விற்கிறவரும் மழுப்பமாட்டார். அடித்தண்டில் கட்டுப் போட்ட தழும்பைத் தொட்டுக் காட்டுவார். கீழே நாட்டு மா, மேலே பங்கனப்பள்ளி. விலை இவ்வளவு, இத்தனை வருடத்தில் காய்க்கும். பாட்டிக்குப் பிடித்தால் வாங்குவார், இல்லாவிட்டால் அடுத்த வண்டிக்குப் போவார். ஒட்டு என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒட்டை நாட்டு என்று சொல்லி விற்றால் மட்டும் அந்த வண்டி மறுபடி அந்தத் தெருவுக்குள் வர முடியாது!

ஆய்வுக்கூடங்களிலும் ஒரு ஒட்டுக்கட்டுதல் நடக்கிறது. அங்கே கீழே இருப்பது செடி, மேலே வைத்துக் கட்டுவது பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் சங்கிலி. இந்த ஒட்டு பொடியாக, குருணையாக வயலுக்கு வருகிறது. "தாவரத்திலிருந்து எடுத்தது, மண்ணில் மக்கிவிடும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்" என்ற மூன்று வாக்கியங்களோடு வருகிறது. மாங்கன்று வண்டிக்காரர் காட்டுகிற அந்தத் தழும்பை மட்டும் இதில் யாரும் தொட்டுக் காட்டுவதில்லை. சண்டை அதைப் பற்றித்தான்.

அது என்ன ஒட்டு?

கொஞ்சம் வேதியியல். பயப்பட வேண்டாம், ப்ளஸ் டூ அளவுதான்.

வைக்கோல், பஞ்சு, மரத்தூள், தேங்காய் நார் எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு செல்லுலோஸ். அரிசி, மக்காச்சோளம், மரவள்ளிக்கிழங்கு இவற்றில் இருப்பது மாவுச்சத்து. இரண்டுமே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை போன்ற நீளமான சங்கிலிகள். கோத்திருக்கும் விதம்தான் வேறு. இந்த மாலையில் ஓர் இடத்தில் இருக்கும் ஹைட்ரஜனைப் பிய்த்து எடுத்துவிட்டால் அந்த இடம் 'பசியோடு' இருக்கும். பக்கத்தில் அக்ரிலிக் அமிலம், அக்ரிலமைடு, அக்ரிலோநைட்ரைல் போன்ற சிறு மூலக்கூறுகள் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அங்கே ஒட்டிக்கொண்டு கிளை விடும். தண்டு தாவரம், கிளை செயற்கை. இதற்கு ஒட்டுப் பாலிமர் என்று பெயர்.

ஹைட்ரஜனைப் பிய்த்து எடுக்கும் வேலையைச் சீரியம் உப்பு நன்றாகச் செய்யும் என்று மினோ, கைசர்மன் என்ற இருவர் 1958-ல் எழுதினார்கள். இன்றுவரை பாதிப் பேர் அந்த வழியில்தான் போகிறார்கள். இந்தச் சீரியம் வருகிற மோனசைட் மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இருக்கிறது என்பது கூடுதல் தகவல்.

இந்த வித்தையால் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய இடம் அமெரிக்காவின் பியோரியா நகரில் உள்ள விவசாயத்துறை ஆய்வுக்கூடம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பென்சிலினைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்ட அதே இடம்தான். அமெரிக்காவில் மக்காச்சோளம் மிஞ்சிக் கிடந்தது, அதற்கு ஒரு புதிய சந்தை வேண்டியிருந்தது. 1970-களில் சோள மாவுச்சத்தில் அக்ரிலோநைட்ரைலை ஒட்டுக்கட்டி, பிறகு காரத்தில் வேகவைத்தார்கள். வந்த பொருள் தன் எடையைப் போல் பல நூறு மடங்கு தண்ணீரை உறிஞ்சிக் கூழாக நின்றது. 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று பெயர் வைத்தார்கள். 1976-ல் காப்புரிமையும் ஆனது.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஜப்பானின் சான்யோ கெமிக்கல் நிறுவனம் 1978-ல் மாவுச்சத்து ஒட்டுப் பாலிமரை வணிக அளவில் தயாரிக்க ஆரம்பித்தது. நாப்கினுக்கும் குழந்தைகள் டயப்பருக்கும் பெரிய சந்தை திறந்தது. சந்தை பெரிதானதும் உற்பத்தியாளர்கள் செய்த காரியம், மாவுச்சத்தைக் கழற்றி வெளியே எறிந்ததுதான்! தனி பாலிஅக்ரிலேட் மலிவு, கெட்டுப்போகாது, தரம் மாறாது. இன்று டயப்பருக்குள் இருக்கும் வெள்ளைக் குருணையில் பெரும்பாலும் செடியின் வாசனைகூடக் கிடையாது. அதாவது தண்ணீர் குடிக்கிற வேலையைச் செய்வது செயற்கைக் கிளைதான். இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கலாம்.

டெல்லியிலிருந்து டெல்டாவுக்கு

இந்தியாவில் இந்த வகையின் பிரபலமான பிள்ளை, பூசா ஹைட்ரோஜெல். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. செல்லுலோஸில் பாலிஅக்ரிலேட்டை ஒட்டுக்கட்டி, குறுக்குப் பின்னல் போட்ட பொருள். தூய தண்ணீரில் போட்டால் தன் எடையைப் போல் குறைந்தது 350 மடங்கு உறிஞ்சும். 40, 50 டிகிரி வெப்பத்திலும் வேலை செய்யும். ஏக்கருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ போதும் என்பது சிபாரிசு. சென்னை கார்போரண்டம் யுனிவர்சல் போன்ற நிறுவனங்களுக்குத் தயாரிக்கும் உரிமம் கொடுக்கப்பட்டது.

இதைச் செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பொருட்கள் ஏக்கருக்குப் பல கிலோ கேட்டபோது ஒரு கிலோ, இரண்டு கிலோவில் வேலை நடக்க வழி செய்தார்கள். அதைவிட முக்கியம், தங்கள் கட்டுரைகளில் இதை 'அரைச் செயற்கை' என்றே எழுதுகிறார்கள். தழும்பை அவர்கள் மறைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் தொடங்கி உரக்கடைப் பேச்சுவரை வருகிற வழியில்தான் அந்த 'அரை' எங்கேயோ விழுந்துவிடுகிறது. இந்த வகைப் பொடிகள் பேச்சிலும் விளம்பரத்திலும் 'இயற்கை'யாகவும் 'மக்கும்' பொருளாகவும் மாறிவிடுகின்றன.

மாறுகிற நேரமும் சரியான நேரம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டிஎம்சி என்று தீர்த்துவிட்டது. காகிதத்தில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர், 2024-ல் ஜூலை 28-ந் தேதிதான் திறந்தது. குறுவையை நம்பியவன் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தான். கடைமடையில் இருப்பவன் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். இப்படி பயந்து கிடக்கிறவனிடம் "ஒரு பாக்கெட் போடுங்க, தண்ணி நிக்கும்" என்று சொன்னால் அவன் வாங்கத்தான் செய்வான். அதனால்தான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாங்க, கணக்குப் போடலாம்

இதற்கு விஞ்ஞானி தேவையில்லை, கால்குலேட்டர் போதும்.

ஏக்கருக்கு அதிகபட்ச அளவான இரண்டு கிலோ போடுவதாகவே வைத்துக்கொள்ளலாம். 350 மடங்கு உறிஞ்சினால் 700 லிட்டர். அதாவது இருநூறு லிட்டர் டிரம்மில் மூன்றரை டிரம். ஒரு ஏக்கர் முழுவதற்கும் மூன்றரை டிரம்!

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது தரை நனைந்ததா இல்லையா என்று சந்தேகம் வருகிற தூறல். அந்தத் தூறலே ஒரு ஏக்கரில் சுமார் 4,047 லிட்டரைக் கொட்டிவிடும். அப்படியென்றால் இந்தப் பொடி பிடித்து வைப்பது ஒரு தூறலில் ஆறில் ஒரு பங்கு. கோடையில் வயலும் பயிருமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக விடும். ஏக்கருக்கு இருபதாயிரம் லிட்டர். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு அதைப் பங்கிட்டால், 700 லிட்டர் என்பது இருபத்தைந்து நிமிடத் தாகம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

"ஒரு தடவையா உறிஞ்சும்? காய்ந்தால் மறுபடி நனையும்போது மறுபடி உறிஞ்சுமே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு போகத்தில் இருபது தடவை நிரம்பி இருபது தடவை வடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். 14,000 லிட்டர். அப்போதும் ஒரு நாள் செலவுக்குக் காணாது. அதோடு, மறுபடி நனைய மறுபடி தண்ணீர் வர வேண்டும். பொடி தண்ணீரை உண்டாக்காது. வந்ததைத்தான் பிடிக்கும்.

டெல்டா மண்ணையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். காவிரி கொண்டுவந்து கொட்டிய களிமண், ஒரு அடி ஆழத்துக்கு நாற்பது, ஐம்பது மில்லிமீட்டர் ஈரத்தைப் பயிர் எடுத்துக்கொள்ளும்படி தானே பிடித்து வைக்கும். அதற்கு யாரும் பாக்கெட் போட்டு விற்கவில்லை. அந்த ஐம்பதோடு பொடி சேர்ப்பது 0.17.

காசுக் கணக்குக்கு வந்தால், கிலோ ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு வேலி நிலம் என்றால் ஆறரை ஏக்கர் சொச்சம். பதின்மூன்று கிலோ, பதின்மூன்றாயிரம் ரூபாய். குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவனுக்கு இது நகையை அடகு வைக்கிற தொகை. இன்னொரு பக்கம், ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு அடிக்குத் தூர் எடுத்தால் கூடுதலாக நிற்கும் தண்ணீர் 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். பொடியை ஒரு முறை நிரப்பி அவ்வளவு தண்ணீரைப் பிடிக்க வேண்டுமானால் 1,760 ஏக்கரில் பொடி போட வேண்டும். முப்பத்தைந்து லட்ச ரூபாய்! குளம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். ஹரித்ராநதியைப் போல ஒரு தெப்பக்குளத்தை ஊர் நடுவில் வெட்டி வைத்திருக்கும் மன்னார்குடிக்கு இந்த வித்தியாசத்தை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தண்ணீர் வேற தண்ணீர்!

மேலே போட்ட கணக்கு முழுக்க 350 மடங்கு என்ற எண்ணை அப்படியே நம்பிப் போட்டது. அந்த 350, தூய தண்ணீரின் எண்.

இந்தக் கூழ் எப்படி வேலை செய்கிறது? செயற்கைக் கிளைகளில் எதிர்மின் ஏற்றம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிளைகள் விரிகின்றன, உள்ளே உப்புத்தன்மை அதிகமாக இருப்பதால் வெளித்தண்ணீர் உள்ளே ஓடி வருகிறது. வெளியே இருக்கும் தண்ணீரிலேயே உப்பு இருந்தால்? உள்ளே ஓடிவர அதற்கு அவசரம் குறைந்துவிடும். கால்சியம் இருந்தால் இன்னும் மோசம். இரண்டு கிளைகளைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடும், கூழ் விரியாது. பாலிஅக்ரிலேட் வகைப் பொருட்களை நூற்றுக்கு 0.9 பங்கு உப்பு கலந்த நீரில் போட்டால் பெரும்பாலும் முப்பதிலிருந்து அறுபது மடங்குக்குள் நின்றுவிடுகின்றன.

முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் எல்லாம் 0.9 இல்லைதான். ஆனால் ஆய்வுக்கூடத்துத் தூய தண்ணீரும் இல்லை. உறிஞ்சும் திறன் ஐம்பது மடங்காக இறங்கினால் மூன்றரை டிரம் அரை டிரம் ஆகிவிடும். தண்ணீர்ப் பஞ்சமும் உப்பும் சேர்ந்து வாட்டுகிற கடைமடையில்தான் இந்தப் பொடிக்குத் தேவை அதிகம். அங்கேதான் அதற்குத் திறன் குறைவு. பாக்கெட்டில் 'போர் தண்ணீரில் எத்தனை மடங்கு' என்ற எண் ஏன் இருப்பதில்லை என்று கேட்பது தவறா?

இன்னொன்றும் உண்டு. டெல்டாவில் சம்பா, தாளடி அறுத்த பிறகு மிச்ச ஈரத்தில் உளுந்து, பயறு விளைவது வழக்கம். ஈரம் பிடிக்கும் பொடிக்கு ஏற்ற பயிர் இதுதான் என்று தோன்றும். ஆனால் அந்த விதையைத் தெளிப்பது அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னால், நெல் நிற்கும்போதே. உழவு கிடையாது. பொடியோ வேர் இருக்கும் ஆழத்தில், விதைக்குப் பக்கத்தில் விழுந்தால்தான் பயன். மேலே தூவினால் வெயிலுக்குத்தான் போகும். புழுதி விதைப்பில் வேண்டுமானால் வாய்ப்பு இருக்கிறது. நாற்று நட்டுத் தண்ணீர் கட்டுகிற வயலிலோ அதற்கு வேலையே இல்லை.

மக்குமா, மக்காதா?

கடைப் பேச்சில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து வரும். ஒன்று, "மண்ணில் மக்கிவிடும்". இன்னொன்று, "ஒரு தடவை போட்டால் பல போகம் நிற்கும்". இரண்டும் ஒரே பொருளைப் பற்றி எப்படி உண்மையாக இருக்க முடியும்? சீக்கிரம் மக்கிவிட்டால் அது செலவுக் கணக்கில் எழுத வேண்டிய சரக்கு, ஒவ்வொரு போகமும் வாங்க வேண்டும். மக்காமல் நின்றால் மண்ணில் பிளாஸ்டிக். விற்கிறவர் ஏதாவது ஒரு பக்கம் நிற்கட்டும்!

உண்மை நடுவில் இருக்கிறது. தண்டாகிய செல்லுலோஸை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும், அது அவற்றின் பழைய சாப்பாடு. கிளையாகிய பாலிஅக்ரிலேட் கார்பனோடு கார்பன் கோத்த சங்கிலி, அதைக் கடிக்க அவற்றுக்குப் பல் போதாது. ஒட்டுப் போடாத தனி பாலிஅக்ரிலேட்டை மண்ணில் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று ஜெர்மனியில் 2014-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் கரியமில வாயுவாக முழுதும் சிதைந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒட்டுப் பாலிமர் வேறு பொருள்தான், இதைவிட வேகமாக உடையலாம். ஆனால் உடைவது வேறு, மக்குவது வேறு. கூழ் தன் உருவத்தை இழந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால் மக்கிவிட்டது என்று அர்த்தமில்லை. பாலிதீன் பையும்தான் வெயிலில் பொடிப்பொடியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது!

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பற்றி ஐரோப்பிய யூனியன் 2019-ல் சட்டம் போட்டபோது 'பிளாஸ்டிக்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதியது. வேதியியல் மாற்றம் செய்யப்படாத இயற்கைப் பாலிமருக்கு மட்டும்தான் அதில் விலக்கு. வேதியியல் மாற்றம் செய்துவிட்டால், அடிப்படை செடியாக இருந்தாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் அது பிளாஸ்டிக்தான். தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்த மாநிலம். டீக்கடையில் கப்பைப் பிடுங்குகிற கைக்கு, வயலில் கிலோக்கணக்கில் இறங்குவது என்ன என்று கேட்கவும் உரிமை உண்டு.

வேம்பு பூசினால் வேப்பமரமா?

"அப்படியானால் யூரியாவும்தானே இயற்கை வாயுவிலிருந்து வருகிறது? சொட்டுநீர்ப் பைப்பும் பிளாஸ்டிக்தானே? விவசாயி அதையெல்லாம் வாங்கவில்லையா?" இது வலுவான எதிர்வாதம். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாங்குகிறான். யூரியா என்று தெரிந்து வாங்குகிறான். பைப் என்று தெரிந்து வாங்குகிறான். 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. மூட்டையிலும் 'வேம்பு பூசிய யூரியா' என்றே இருக்கிறது. 'வேப்பமரத்து உரம்' என்று யாரும் அச்சடிக்கவில்லை. அதுதான் நேர்மை. செல்லுலோஸில் பாலிஅக்ரிலேட்டை ஒட்டிய பொருளுக்கு மட்டும் ஏன் 'தாவரப் பொருள்' என்று பாதிப் பெயர்?

இந்த மண்ணுக்கு இதில் கூடுதலாக ஒரு உரிமையும் இருக்கிறது. 2010-ல் மீத்தேன் எடுக்க ஒப்பந்தமான பகுதிக்குப் பெயரே 'மன்னார்குடி பிளாக்'. ஊர் ஊராக மக்கள் எதிர்த்து நின்றார்கள், 2015-ல் மாநில அரசு அதற்குத் தடை போட்டது. 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. அக்ரிலிக் அமிலம் வருவது புரொப்பிலீனிலிருந்து, புரொப்பிலீன் வருவது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து. 2021 பிப்ரவரியில் கொச்சியில் பாரத் பெட்ரோலியம் திறந்த ஆலை தயாரிப்பதும் அதைத்தான். அது தவறான தொழில் அல்ல. பெயின்ட்டுக்கும் பசைக்கும் அது வேண்டும். ஆனால் கீழே இருக்கிற வாயுவை எடுக்கக் கூடாது என்று நின்ற ஊரில், மேலிருந்து எண்ணெய்க் கிணற்றுச் சரக்கை வைக்கோல் வேஷம் போட்டு இறக்கினால், குறைந்தபட்சம் வேஷத்தையாவது சொல்ல வேண்டாமா?

வைக்கோல் பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடலாம். 'வீணாகும் வைக்கோலிலிருந்து ஒட்டுப் பாலிமர்' என்று ஆய்வுத் தலைப்புகள் வருகின்றன. டெல்டாவில் வைக்கோல் வீணாவதில்லை. அறுவடை முடிந்ததும் இயந்திரம் அதைச் சுருட்டிக் கட்டுகிறது, லாரி ஏறி மாட்டுக்குத் தீவனமாகக் கேரளாவரை போகிறது. ஒரு டன் வைக்கோலில் பொட்டாசியம் மட்டும் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். அது ஆலைக்குப் போனால், வயல் தன் சத்தை விற்று அதே வைக்கோலை அக்ரிலிக்கோடு சேர்த்து கிலோ ஆயிரத்துக்குத் திரும்ப வாங்கும். காமர்ஸ் முதல் வருடப் பாடத்திலேயே இதற்குப் பெயர் நஷ்டம்.

அப்படியானால் தூக்கி எறியவா?

வேண்டாம். இந்தப் பொருளுக்கு இடம் இருக்கிறது. தொட்டியில் வளரும் செடிக்கு, குழித்தட்டு நாற்றுக்கு, வெளியூருக்கு அனுப்பும் கன்றின் வேருக்கு, குழியில் நடும் தென்னம்பிள்ளைக்கு. அங்கெல்லாம் தண்ணீர் தேவை லிட்டர் கணக்கில்தான். ஒரு குழியில் பத்து கிராம் பொடி போட்டால் தூய தண்ணீர்க் கணக்குப்படி மூன்றரை லிட்டர் நிற்கும். நட்ட புதிதில் அந்தப் பிள்ளைக்கு அது உயிர்த்தண்ணீர். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட தோப்புகளில் மறுபடி கன்று நட்டவர்களுக்கு இந்த அருமை புரியும். மானாவாரி நிலத்தில் முளைப்பு நன்றாக இருந்தது, விளைச்சல் கூடியது என்று வந்த சோதனை முடிவுகளையும் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. விதையை ஒட்டி இருக்கும் நாலு சொட்டு ஈரம் முளைப்பைக் காப்பாற்றும். குழியில் கெட்டிக்காரனாக இருப்பதை ஏக்கருக்கும் கெட்டிக்காரன் என்று விற்பதில்தான் வம்பு.

ஆகவே கேட்க வேண்டியது தடை இல்லை, நாலு வரி அச்சு.

முதல் வரி, ஒட்டு சதவீதம். செடியின் எடைக்கு மேல் எவ்வளவு செயற்கை ஏறியிருக்கிறது என்பதை இந்தத் துறையில் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும் கணக்கிட்டு எழுதுகிறது. அது நூறைத் தாண்டுவதும் உண்டு, அதாவது செடியைவிடப் பிளாஸ்டிக் அதிகம். தெரிந்த எண்ணை அச்சடிப்பதில் என்ன சிரமம்? ரெடிமேட் சட்டையின் காலரில் பாலியஸ்டர் இவ்வளவு, காட்டன் இவ்வளவு என்று போட்டிருக்கிறதே! கலப்பு நூல் துணிக்கு 1988 முதல் அப்படி ஒரு விதி இருக்கிறது. முதுகில் போடும் சட்டைக்கு உள்ள மரியாதை, சோறு போடும் மண்ணுக்கு வேண்டாமா?

இரண்டாம் வரி, தூய தண்ணீரில் எத்தனை மடங்கு, உப்புத் தண்ணீரில் எத்தனை மடங்கு என்று இரண்டு எண்கள்.

மூன்றாம் வரி, தண்டு எவ்வளவு காலத்தில் மக்கும், கிளை எவ்வளவு காலத்தில் மக்கும் என்று தனித்தனியாக.

நான்காம் வரி, வினை முடிந்த பிறகு ஒட்டாமல் மிச்சம் நிற்கும் சிறு மூலக்கூறு எவ்வளவு. பாலிமர் ஆகிவிட்ட அக்ரிலமைடு சாது, ஆகாமல் நிற்கும் அக்ரிலமைடு நரம்புக்கு விஷம். அக்ரிலோநைட்ரைலை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-ல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்ற முதல் பிரிவுக்கே ஏற்றிவிட்டது. எந்தப் பொருளை ஒட்டினார்கள், எவ்வளவு மிச்சம் என்பது கையால் அள்ளித் தூவுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். 'இயற்கை', 'பசுமை' போன்ற சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்துவிட்டது. சோப்புக்கும் ஷாம்புக்கும் அதைப் பிடிக்கிறவர்கள் உரக்கடை அலமாரியையும் ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம். மானியம் கொடுக்க நினைக்கிற அரசும் இந்த நாலு வரி இருக்கிற பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டால், அடுத்த மாதமே எல்லாப் பாக்கெட்டிலும் அச்சு ஏறிவிடும். வியாபாரம் அப்படித்தான் திருந்தும்.

விஞ்ஞானத்தின் மேல் கோபப்பட இங்கே ஒன்றுமில்லை. விஞ்ஞானிகள் 'அரைச் செயற்கை' என்று முழு உண்மையையும் எழுதியிருக்கிறார்கள். பாதியை விழுங்குகிறது விற்பனை. மாங்கன்று வண்டிக்காரர் பட்டம் எதுவும் வாங்கியவரில்லை. ஆனாலும் பாட்டி கேட்பதற்கு முன்னாலேயே கன்றைத் திருப்பி, கட்டுப் போட்ட இடத்தைக் காட்டுகிறார். கிலோ ஆயிரம் ரூபாய்க்குப் பொடி விற்கிறவர்கள் அந்த அளவுக்காவது இறங்கி வரட்டும். தழும்பைக் காட்டிவிட்டு விலையைச் சொல்லட்டும். அதற்கப்புறம் வாங்குவதும் வாங்காததும் விவசாயியின் இஷ்டம்.